கல் கழிவு

குளச்சல் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடியில் இருக்கிறது எங்கள் நகைக்கடன் ஆபீஸ்.
கீழே வலைக்கடை. மேலே நான்,
ஒரு தராசு, ஒரு உரைகல், அமிலக் குப்பி,
பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ்.

படிவத்தில் ஐந்தாவது கட்டம்: கல் கழிவு.
மொத்த எடையில் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும்.
மாணிக்கமா, மரகதமா, சோடாப் புட்டியின் சில்லா
கட்டம் கேட்பதில்லை.
நேற்று ஒரு டாக்டரம்மா
பர்மாச் சிவப்பு என்று நீட்டிய மோதிரத்தில்
ஒன்று புள்ளி நாலு கிராம் கழித்தேன்.
அவர் முகத்திலும் அவ்வளவு குறைந்தது.

இன்று ரெக்ஸலின் வந்தாள்.
வள்ளத்தின் எஞ்சினை மண்டைக்காட்டு மெக்கானிக்
பிரித்துப் போட்டு மூன்று வாரமாம்.
சோப்புப் போட்டுக் கழற்றிய இரண்டு வளையல்களைத்
தடுப்பின் அடியில் தள்ளினாள்.
என் கண் வளையலில் இல்லை.
அவள் கழுத்தில்
கறுத்த வெள்ளியில் பதித்த ஒன்பது சிவப்பு.
ஐஸிலிருந்து எடுத்த சூரையின்
செவுளைத் திறந்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு.

"அதையும் ஒருக்கா பாக்கலாமா?"
விதிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.
கொக்கியைக் கழற்றித் தந்தாள்.

உதட்டில் வைத்தேன்.
கல் என்றால் உதடு திடுக்கிடும்.
இது திடுக்கிடவைக்கவில்லை.
ஊதினேன்; படர்ந்த ஆவி
போக மனமில்லாமல் நின்றது.
பட்டைகளின் ஓரங்கள்
பாதி கரைந்த சோப்பைப்போல் மழுங்கியிருந்தன.
பின்னால் ஈயத்தாள், ஒரு மூலையில் கறுத்து.
லென்ஸுக்குள்
நடுக்கல்லில் ஒரு குமிழி.

எந்த ஊர் உலையோ.
நூறு வருடத்துக்கு முந்திய ஏதோ ஒரு மதியத்தின் காற்று
வெளியேறத் தவறி
இன்னும் உள்ளேயே இருக்கிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்லுமுன்
தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது என் வழக்கம்.
பலர் குடித்துவிட்டு அழுவார்கள்.
"தண்ணி வேணுமா?"

"கண்ணாடிதானே, தெரியும்" என்றாள்.
"கல்லா இருந்தா இது கழுத்தில கெடக்குமா அக்கா?
மாமியாருக்க கண்ணு ஆப்பரேசனுக்குப் போயிருக்கும்.
இல்லைன்னா சுனாமி வருசம் போயிருக்கும்.
அதுக்கும் முன்ன அவியளுக்க அம்மைக்க கடனுக்கு."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"ஒருத்தரும் எடுக்க மாட்டாவ.
அதனாலதான் எனக்கு கெடச்சுது."

நான் மணவாளக்குறிச்சிக்காரி.
எங்கள் கடற்கரையில் கறுப்போடு கலந்து
சிவப்பாய்க் கிடப்பது கார்னெட்.
கோமேதகத்துக்குச் சொந்தக்காரன்.
அதை லாரியில் அள்ளுவார்கள்,
உப்புத்தாளாகும், எங்கோ ஒரு மேசையைத் தேய்க்கும்.
மிச்சத்தை என் மகன் செருப்போடு
படுக்கைவரை கொண்டுவருவான்.
ஏசிக்கொண்டே கூட்டித் தள்ளுவேன்
இரவெல்லாம் முறத்தில் ரத்தினம்.

அதே மணலின் இன்னொரு பங்கு
யாரோ உருக்கி, சாயமேற்றி, பட்டை வெட்டி
ஒரு கழுத்தில் இத்தனை காலம்
ஏலத்துக்கு வராமல் கிடக்கிறது.

வளையல் பதினாறு கிராம்.
கல் கழிவு: இல்லை.
கையெழுத்துப் போடும்போது
வெறும் மணிக்கட்டை அவளே ஒருமுறை பார்த்தாள்.
பிறகு மாலையை வாங்கி,
கண்ணாடித் தடுப்பில் தன் நிழலைப் பார்த்துக்
கொக்கியை மாட்டினாள். இரண்டு தடவை தவறியது.
படியில் இறங்கும்போது ஜன்னல் வெயில் பட்டு
ஒன்பதும் ஒருசேர எரிந்தன.
ஈயத்தாள் கறுத்த அந்த ஒன்று
சற்றுத் தாமதமாக.

லென்ஸை எடுத்துத் துடைத்தேன்.
என் மூச்சின் ஆவி அதன்மேல்
கலைய மனமில்லாமல் நின்றது.
இருபத்திரண்டு வருடமாக
இதன் வழியாகத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்,
எது அசல் என்று.
இதுவும் கண்ணாடி.

டோக்கன் முப்பத்தேழு, வாங்க.